வளைகுடாவுக்கு அப்பால் ஒரு மெல்லிய குழாய்: கூடங்குளத்தின் எரிபொருள் கோல்களைக் கணக்கிடுவது எப்படி?

கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து மன்னார் நகருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இடையில் மலையோ காடோ கிடையாது. மன்னார் வளைகுடாதான் கிடக்கிறது. சோளகமும் கச்சானும் பெயரும் மாதங்களில் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கூடங்குளத்தின் முதலாவது உலை 2013 யூலை 13ஆம் திகதி தொடர்வினையை ஆரம்பித்தது. இரண்டாவது 2016 யூலையில். இரண்டும் ரஷ்யத் தயாரிப்பான விவிஇஆர்-1000 வகை. ஒவ்வொன்றும் 1000 மெகாவோட் மின்சாரம் தருபவை.

இடிந்தகரை மக்களின் போராட்டம் பற்றி 2011, 2012இல் தமிழில் நிறைய எழுதப்பட்டது. அந்த நேரத்தில் இலங்கையின் மின்சக்தி எரிசக்தி அமைச்சராக இருந்த சம்பிக்க ரணவக்கவும் கூடங்குளம் பற்றிக் கவலை வெளியிட்டிருந்தார். ஆனால், உலையின் உள்ளே கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளை முதலில் அடைத்து வைத்திருப்பது எது, அது தாங்கும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது பற்றி நான் தமிழில் வாசித்தது மிகக் குறைவு. தாழ்வுபாட்டில் மீன்பிடி பற்றிய வேறொரு கட்டுரைக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா இதைத்தான் கேட்டார்: "பாதுகாப்பு, பாதுகாப்பு எண்டு சொல்லினம். உள்ளுக்க போய்ப் பாத்தவையோ, பிள்ளை?"

பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் உலைக்குள் எவரும் போய்ப் பார்க்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வெளியிலிருந்து எடுக்கும் சில அளவீடுகள் உண்டு. மிச்சம் முழுவதும் கணக்கு. நான் ஊடகக் கற்கை படித்தவள், பௌதிகவியல் என் பாடமல்ல. ஆனால் அந்தக் கணக்கின் அடிப்படையை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவரும் இதில் பாதியைக் கடதாசியில் போட்டுப் பார்க்கலாம்.

கோல் என்பது என்ன?

விவிஇஆர்-1000 உலையின் நடுப்பகுதியில் 163 எரிபொருள் கட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் ஏறத்தாழ 311 கோல்கள். மொத்தம் ஐம்பதாயிரத்துக்கும் சற்று அதிகம். ஒரு கோல் நாலு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், 9.1 மில்லிமீற்றர் விட்டம், அதாவது சின்ன விரலின் தடிப்பு. வெளியே இருப்பது சேர்க்கோனியத்தில் ஒரு வீதம் நயோபியம் கலந்த உலோகக் குழாய். அதன் சுவர் ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர். உள்ளே யுரேனியம் ஈரொட்சைட்டால் செய்த சிறு வில்லைகள், மாத்திரைகளை அடுக்கியது போல, மூன்றரை மீற்றர் உயரத்துக்கு. வில்லையின் நடுவே ஒரு சிறு துளை. வில்லைக்கும் குழாய்க்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பளவு. அதை ஈலியம் வாயுவால் நிரப்பி, முனைகளைப் பற்றவைத்து மூடிவிடுவார்கள்.

ஓர் உலையில் இருக்கும் எரிபொருள் அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் வைத்தால் ஏறத்தாழ 179 கிலோமீற்றர் வரும். மன்னாரிலிருந்து வவுனியா போய்த் திரும்பி வந்தாலும் மிஞ்சும். உலையின் வெப்பவலு 3000 மெகாவோட். வகுத்துப் பாருங்கள்: ஒரு மீற்றர் கோலில் சராசரியாக 17 கிலோவோட். விரல் தடிப்புள்ள ஒரு மீற்றர்க் கம்பியில் பதினேழு மின் அழுத்திகளின் சூடு.

அணுசக்தித் துறையினர் பாதுகாப்பை அடுக்கடுக்கான தடைகளாக விபரிப்பார்கள். யுரேனிய வில்லை, அதைச் சுற்றிய குழாய், பிறகு உருக்கு உலைக்கலமும் குழாய்த் தொகுதியும், கடைசியில் கொங்கிறீற்றுக் கூடு. படங்களில் எப்போதும் பெரிதாகத் தெரிவது கூடுதான். அயடீன், சீசியம், செனன் ஆகியவற்றை நாளாந்தம் அடைத்து வைத்திருப்பதோ இந்த 0.7 மில்லிமீற்றர் குழாய். அதனால்தான் இந்தக் குழாய்க்கு இவ்வளவு கணக்கு.

கடதாசியில் போடக்கூடிய கணக்கு

முதலில் வெப்பநிலை. யுரேனியம் ஈரொட்சைட்டு ஒரு மட்பாண்டப் பொருள் போன்றது. வெப்பத்தை மோசமாகக் கடத்தும். அதன் வெப்பக் கடத்தாறு, உலையின் வெப்பநிலையில், ஒரு மீற்றருக்கும் ஒரு பாகைக்கும் ஏறத்தாழ 3 வோட். துளையில்லாத வில்லையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதலாம்: ஒரு மீற்றருக்கான வலுவை, நான்கு தரம் பை தரம் கடத்தாறால் வகுக்க வேண்டும். 17,000 வோட்டை 37.7ஆல் வகுத்தால் 450 பாகை. வில்லையின் விட்டம் இந்தச் சூத்திரத்தில் வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள். தடித்த கோலோ மெல்லிய கோலோ, ஒரு மீற்றரில் எவ்வளவு வலு எடுக்கிறோம் என்பதே நடுச்சூட்டைத் தீர்மானிக்கிறது. நடுவில் துளை போட்டிருப்பதால் வித்தியாசம் சற்றுக் குறையும். சராசரியை விடக் கூடுதலாக வேலை செய்யும் கோல்களில் அது ஏறும்.

அதன்மேல் தலைமயிர் தடிப்பான அந்த வாயு இடைவெளியைக் கடக்க இன்னும் நூறு, நூற்றைம்பது பாகை. வெளியே ஓடும் நீர் ஏறத்தாழ 300 பாகை. எல்லாம் கூட்டினால் வில்லையின் நடு சாதாரண இயக்கத்திலேயே ஆயிரம் பாகையைத் தொடும் அல்லது தாண்டும். யுரேனியம் ஈரொட்சைட்டு உருகுவது 2850 பாகையளவில் என்பதால் இடம் நிறைய இருக்கிறது.

இனித் தகைப்பு. நடு விரிகிறது, ஓரம் அவ்வளவு விரியவில்லை. எரிந்துகொண்டிருக்கும் அரிக்கன் லாம்பின் சிமினியில் தண்ணீர் தெறித்தால் என்ன நடக்கும் என்பது மின்சாரம் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வில்லையிலும் அதேதான். விரிவுக் குணகத்தையும் மீள்தன்மை மட்டையும் வைத்துக் கணக்கிட்டால், நடுவுக்கும் ஓரத்துக்கும் 100 பாகை வித்தியாசம் வந்தவுடனேயே ஓரத்தில் 140 மெகாபாஸ்கல் இழுவைத் தகைப்பு வருகிறது. அந்தப் பொருள் உடைவதும் அந்த அளவில்தான். ஆகவே, புதிய உலையை முதன்முதலில் முழு வலுவுக்குக் கொண்டுவரும் முன்னரே, உள்ளிருக்கும் வில்லைகள் எல்லாம் வெடித்துத் துண்டுகளாகியிருக்கும். இதைக் கேட்டதும் எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது. ஆனால் இது வடிவமைப்பாளர்கள் எதிர்பார்க்கும் விடயம். துண்டுகள் குழாய்க்குள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வெளியே நீரின் அமுக்கம் 157 வளிமண்டலமளவு. சங்கு குளிப்பவர்கள் இருபது மீற்றர் ஆழம் போனால் மேலதிகமாகத் தாங்குவது இரண்டு வளிமண்டலம். கோல் தாங்குவது ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழக் கடலின் அமுக்கம். உள்ளே ஈலியத்தின் எதிரமுக்கம் இருப்பதால் வித்தியாசம் குறைகிறது. 10 மெகாபாஸ்கல் வித்தியாசம் என்று எடுத்து, ஆரையால் பெருக்கிச் சுவர்த் தடிப்பால் வகுத்தால், குழாய்ச் சுவரில் ஏறத்தாழ 60 மெகாபாஸ்கல் நெருக்கல் தகைப்பு. உடனே நசுங்காது. ஆனால் வெப்பமும் நியூத்திரன் அடியும் சேரும்போது உலோகம் மெல்ல மெல்ல உட்புறமாக ஊர்கிறது. அதேவேளை வில்லை வீங்குகிறது. காலப்போக்கில் இடைவெளி மூடி, வில்லையும் குழாயும் ஒன்றையொன்று தொடுகின்றன.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உடுக்கும் மூங்கிலும்

வெப்பத்தில் ஒவ்வொரு வில்லையும் உடுக்கு வடிவம் எடுக்கிறது: மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வெளியே தள்ள, இடுப்பு உள்ளே நிற்கும். உடுக்குகளை அடுக்கிய தூணைச் சுற்றிய குழாயில், வில்லைக்கு வில்லை சேரும் இடத்தில் ஒரு புடைப்பு. பயன்படுத்திய கோல்களை அளந்து பார்க்கும்போது இந்தப் புடைப்புகள் மூங்கில் கணுப் போலத் தெரியும். துறையினரும் அதை மூங்கில் என்றே சொல்கிறார்கள். வலுவைத் திடீரென்று கூட்டினால் புடைப்புள்ள இடத்தில் வில்லை குழாயைத் தள்ளும். வில்லையிலிருந்து வெளிவரும் அயடீன் அதே இடத்தில் உலோகத்தை அரிக்கும். இரண்டும் சேர்ந்தால் குழாய் உட்புறமிருந்து வெடிக்கலாம். 1970களில் பல நாடுகளில் கோல்கள் இப்படிக் கசிந்த பிறகுதான், வலுவை எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்பதற்கு வரம்புகள் வந்தன.

வாயு இன்னொரு கதை. நூறு கருப்பிளவுகளில் ஏறத்தாழ 25 செனன், கிரிப்தன் அணுக்கள் உருவாகின்றன. பெரும்பகுதி வில்லைக்குள்ளேயே சிறு குமிழிகளாகச் சிறைப்படும். சூடு கூடினால் ஒரு பகுதி தப்பி இடைவெளிக்கு வரும். செனன் ஈலியத்தை விட இருபது மடங்குக்கும் மேல் மோசமாக வெப்பத்தைக் கடத்தும். அது ஈலியத்தோடு கலந்தால் இடைவெளியின் கடத்தல் குறையும், வில்லை மேலும் சூடாகும், மேலும் வாயு தப்பும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல.

இந்தச் சுற்றுத்தான் கணினி நிரல்கள் தேவைப்படுவதற்குக் காரணம். வெப்பநிலை தெரிந்தால் வீக்கம் தெரியும். வீக்கம் தெரிந்தால் இடைவெளி தெரியும். ஆனால் வெப்பநிலையைக் காண இடைவெளி முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஓர் ஊகத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றிக் கணக்கிட்டு, இரண்டு அடுத்தடுத்த விடைகள் பொருந்தும் வரை போகிறார்கள். கோலை உயரவாட்டில் துண்டுகளாகவும், ஒவ்வொரு துண்டையும் வெங்காயம் போல வளையங்களாகவும் பிரித்து, நாட்கணக்காக நேரத்தை நகர்த்தி, நாலைந்து வருட வாழ்க்கையை ஓட்டிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பிரப்கொன், ஜேர்மனியின் கார்ள்ஸ்றூவில் பிறந்த ட்ரான்ஸ்யுரேனஸ், ரஷ்யாவின் போச்வர் நிறுவனத்தின் ஸ்ரார்ட்-3 ஆகியவை இப்படியான நிரல்கள். இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் சொந்தமாக இவற்றை எழுதியிருக்கிறது.

நிரல் சரியா என்று எப்படித் தெரியும்? அளந்துதான். நோர்வேயின் ஹால்டன் நகரில், மலையைக் குடைந்து கட்டிய ஒரு சிறிய ஆராய்ச்சி உலை 1958இலிருந்து 2018 வரை இயங்கியது. கோலின் நடுவிலேயே வெப்பமானி, உள்ளமுக்க அளவி, நீட்சி அளவி என்று வைத்து அங்கே அளந்த எண்களில்தான் உலகின் பெரும்பாலான நிரல்கள் சோதிக்கப்பட்டன. சர்வதேச அணுசக்தி முகவரகம் 1990களிலிருந்து, பல நாட்டு நிரல்களுக்கு ஒரே கோலின் வரலாற்றைக் கொடுத்து, விடைகளை அளவீட்டோடு ஒப்பிடும் கூட்டாய்வுகளை நடத்தியது. பாபா நிலையமும் அவற்றில் பங்கேற்றது. வெப்பநிலையில் நிரல்கள் நன்றாகவே பொருந்தின. தப்பிய வாயுவின் அளவைப் பொறுத்தவரை, இரண்டு மடங்கு கூடக்குறைய வந்தால் அதை நல்ல பொருத்தம் என்றே துறையினர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மடங்கு! இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் "கணக்கிட்டுப் பார்த்தோம், பாதுகாப்பானது" என்ற வசனத்தின் பின்னால் இப்படி ஓர் அகலம் இருப்பது வெளியே வருவதேயில்லை.

ஹால்டன் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உலையை நடத்திய நோர்வே நிறுவனமே 2020இல், பழைய எரிபொருள் பரிசோதனைகள் சிலவற்றில் முடிவுகள் மாற்றப்பட்டிருந்ததாகப் பகிரங்கப்படுத்தியது. அங்கே செய்யப்பட்ட வேலையின் ஒரு சிறு பகுதிதான் அது. ஆனாலும் அளவீடு பிழைத்தால், அதில் சாய்ந்து நிற்கும் கணக்கும் சாயும்.

எண்களைக் கேள்வி கேட்பது மன்னாருக்குப் புதிதல்ல. 2018இல் சதொச வளாகத்தில் தோண்டப்பட்ட மனிதப் புதைகுழியின் எலும்புகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போய், அடுத்த வருடம் மார்ச்சில் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்ற விடையோடு திரும்பின. அப்போது காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் கேட்டது, எந்த எலும்பு, எத்தனை மாதிரி, எங்கிருந்து எடுத்தது, யார் கொண்டுபோனது என்பதைத்தான். கணக்கை மறுப்பதும் அதன் உள்ளீட்டைக் கேட்பதும் இரண்டு வேறு விடயங்கள். எரிபொருள் கோலுக்கும் அதே கேள்விகள் பொருந்தும்.

நல்ல உதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கல்பாக்கத்தின் வேகப் பெருக்கச் சோதனை உலை 1985 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கியபோது, அதில் போட்டது யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த காபைட்டு எரிபொருள். அந்தக் கலவையில் உலகில் எவருக்கும் அனுபவமில்லை. ஒப்பிடுவதற்கு அளவீடும் இல்லை. ஆகவே கணக்கு மேலே போகலாம் என்று சொன்னாலும், தொடக்கத்தில் வரம்பைத் தாழ்வாக வைத்தார்கள். தொன் ஒன்றுக்கு 25,000 மெகாவோட் நாள் எரிந்த கட்டை வெளியே எடுத்து, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரக் கைகளால் வெட்டி அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார்கள். பிறகு 50,000. பிறகு 100,000. பிறகு 155,000. ஒவ்வொரு படியிலும் பார்த்துவிட்டு அடுத்த படி. தாழ்வுபாட்டு ஐயாவின் கேள்விக்கு இதைவிட நேரான விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை: கடைசியில் இவர்கள் போய்ப் பார்த்தார்கள்.

நீர் இல்லாமல் போனால்

இதுவரை சொன்னது சாதாரண இயக்கம். விபத்தில் கணக்கின் திசையே மாறுகிறது. உலையை நிறுத்தினாலும் வெப்பம் நிற்காது. பிளவுத் துண்டுகளின் தேய்வினால், நிறுத்திய கணத்தில் முழு வலுவின் ஆறேழு வீதம் தொடரும். 3000 மெகாவோட் உலையில் அது 200 மெகாவோட். ஒரு பெரிய குழாய் உடைந்து நீர் வெளியேறினால், வெளியமுக்கம் விழுந்துவிடும். உள்ளமுக்கம் அப்படியே இருக்கும். இதுவரை உள்ளே நசுக்கப்பட்ட குழாய் இப்போது வெளியே ஊதுகிறது. 700இலிருந்து 900 பாகைக்குள் சேர்க்கோனியம் இளகி, பலூன் போலப் பருத்து வெடிக்கலாம். பருத்த கோல்கள் அருகருகே நின்றால் குளிரூட்டும் நீர் போகும் வழியும் ஒடுங்கும்.

இன்னும் மேலே போனால் சேர்க்கோனியம் நீராவியோடு தாக்கமுறும். ஒட்சைட்டு ஆகி நொறுங்கும் தன்மை பெறும்; ஐதரசன் வெளிவரும்; தாக்கமே வெப்பத்தையும் கூட்டும். 2011 மார்ச்சில் புக்குஷிமாவில் கட்டடங்களை வெடிக்கச் செய்தது இந்த ஐதரசன்தான். ஆகவே விவிஇஆர் உலைகளுக்கான வரம்பு இப்படி: எந்த வடிவமைப்பு விபத்திலும் குழாயின் வெப்பநிலை 1200 பாகையைத் தாண்டக் கூடாது, எந்த இடத்திலும் சுவரின் 18 வீதத்துக்கு மேல் ஒட்சைட்டு ஆகக் கூடாது. கணினி நிரல் இந்த இரண்டு எண்களுக்குக் கீழே விடை தந்தால் அனுமதி கிடைக்கும்.

அந்த நிரலுக்குள் போகும் பொருளின் இயல்பு மிக முக்கியம். ரஷ்யக் குழாய்களில் பயன்படும் ஈ110 என்ற கலப்புலோகம் சாதாரண இயக்கத்தில் துருப்பிடிப்பது மிகக் குறைவு. அதில் அது மேற்கத்தையக் கலப்புலோகத்தை விடச் சிறந்தது. ஆனால் உயர் வெப்பநிலை நீராவியில், மின்பகுப்பு முறையில் பெற்ற சேர்க்கோனியத்தால் செய்த பழைய ஈ110, எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் நொறுங்கியது. மூலப்பொருளைப் பஞ்சு வடிவச் சேர்க்கோனியமாக மாற்றியபோது அந்த நடத்தை திருந்தியது. பெயர் ஒன்று, வேதியியல் விகிதம் ஏறத்தாழ ஒன்று. நெருப்பில் நடத்தை வேறு. கூடங்குளத்தின் எந்தக் கட்டு எந்த மூலப்பொருளில் செய்யப்பட்டது என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

இன்னொன்று, எவ்வளவு காலம் எரிக்கிறார்கள் என்பது. 2022இல் கூடங்குளத்துக்கு ரிவிஎஸ்-2எம் என்ற புதிய வகைக் கட்டுகள் வந்தன. எரிபொருள் மாற்றும் இடைவெளியை 12 மாதத்திலிருந்து 18 மாதமாக நீட்டுவது நோக்கம். கட்டு உறுதியானது, வளைவு குறைவு, நல்ல விடயம். ஆனால் நீண்ட காலம் எரிந்த வில்லை வேறு மாதிரி நடக்கும். 2006இல் ஹால்டனில், மிக நீண்ட காலம் எரிந்த ஒரு கோலை விபத்து நிலைக்கு உட்படுத்தியபோது, குழாய் பருத்து வெடித்தது மட்டுமல்ல, உள்ளிருந்த வில்லைகள் தூள்தூளாகி வெளியே கொட்டின. கூடங்குளத்தின் கோல்கள் அந்த அளவுக்கு எரிவதில்லை. இருந்தாலும் உலகெங்கும் நிரல்களுக்குள் அந்த நடத்தையைச் சேர்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது.

கணக்குக்கும் காட்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கக் கூடும் என்பதற்கு அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் சாட்சி. விபத்து 1979 மார்ச் 28. உள்ளே முதன்முதலாகக் கமரா இறக்கியது 1982 யூலையில். கோல்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமும் கீழே இடிபாடும். பிறகு தெரிந்தது, நடுப்பகுதியின் ஏறத்தாழ பாதி உருகியிருந்தது. புக்குஷிமாவிலோ 2024 நவம்பரில்தான் உருகிய எரிபொருளில் ஒரு கிராமுக்கும் குறைவான துணுக்கை முதன்முதலாக வெளியே எடுத்தார்கள்.

250 கிலோமீற்றரில் என்ன?

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. இந்தியாவின் அவசரகாலத் திட்ட வலயம் உலையைச் சுற்றி 16 கிலோமீற்றர். மன்னார் அதற்கு வெகு வெளியே. இந்தத் தூரத்தில் பெருவிபத்து ஒன்றில்கூட முதல் கவலை மக்களை அவசரமாக வெளியேற்றுவது அல்ல. கடலும் மீனும் சந்தையும்தான். புக்குஷிமாவுக்குப் பிறகு அந்தக் கரையின் மீனவர்கள் தாங்களாகவே தொழிலை நிறுத்த வேண்டி வந்தது. தென்கொரியா 2013 செப்ரெம்பரில் எட்டு மாவட்டங்களின் மீனுக்கு முழுத் தடை போட்டது. தடை மாவட்டத்துக்குத்தான், ஒவ்வொரு மீனையும் அளந்து போட்டதல்ல. மன்னாரின் நண்டும் இறாலும் கொழும்பு வழியாக வெளிநாடு போகின்றன. அயடீன்-131 எட்டு நாளில் பாதியாகும். சீசியம்-137 பாதியாக முப்பது வருடம் எடுக்கும். சந்தையில் விழுந்த பெயருக்கு அரைவாழ்வு எவ்வளவு என்று எந்த நிரலும் கணக்கிடுவதில்லை. போரில் கடலை இழந்து, பாஸ் எடுத்துத் தொழிலுக்குப் போய், 2009க்குப் பிறகு இந்திய இழுவைப் படகுகளோடு மல்லுக்கட்டும் ஒரு கரைக்கு இது சின்ன விடயமல்ல.

கோல் கசிந்தால் அது முதலில் தெரியவருவது உலையின் குளிர்நீரில். நிலையத்தினர் அந்த நீரில் அயடீனின் அளவைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். ஏறினால் எங்கோ ஒரு குழாயில் ஓட்டை. அதாவது கணக்கு சரியா பிழையா என்று சொல்லும் அன்றாடச் சாட்சி அந்த எண்தான்.

அந்தக் கணக்கையும் எண்களையும் பார்ப்பது இலகுவல்ல. கூடங்குளத்தின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையில்தான் கோல்களின் விபத்துக் கணக்கு இருக்கும். போராட்டக் குழுவின் சு. ப. உதயகுமார் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். 2012 ஏப்ரல் 30இல் இந்திய மத்திய தகவல் ஆணையம் வெளியிடுமாறு உத்தரவிட்டது. ரஷ்யத் தரப்பின் தனியுரிமைத் தகவல் அதில் உண்டு என்று சொன்ன இந்திய அணுமின் கழகம், உத்தரவை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றம் சென்றது. என் பார்வையில் வில்லையின் செய்முறை இரகசியமாக இருப்பதில் நியாயமுண்டு. 1200 பாகை வரம்புக்கு எவ்வளவு கீழே விடை வந்தது, எந்த அளவீட்டோடு நிரல் சோதிக்கப்பட்டது என்பதை மறைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டம் இந்தியப் பிரஜைகளுக்கு மட்டும். மன்னாரிலிருந்து அதைப் பாவிக்க முடியாது. ஆனால் வேறு வழிகள் உண்டு. செர்னோபிலுக்குப் பின் 1986இல் வந்த, அணு விபத்தை விரைவாக அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றன. 2015 பெப்ரவரியில், மைத்திரிபால சிறிசேன டில்லி சென்றபோது, இலங்கையும் இந்தியாவும் குடிசார் அணு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தன. அணுப் பாதுகாப்பும் கதிர்வீச்சு அனர்த்தத் தணிப்பும் அதில் அடக்கம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் ஓர் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் இலங்கை அணுசக்திச் சபையையும் உருவாக்கியது. கரையோரங்களில் கதிர்வீச்சு முன்னெச்சரிக்கை அளவிகளும் நிறுவப்பட்டன.

இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பிரஜை எவரும் தமிழில் எழுதிக் கேட்கலாம். வழங்குவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒரு மீனவர் சங்கம் கேட்கக்கூடியவை: வடமேற்குக் கரையின் அளவிகள் கடந்த வருடம் பதிந்த அளவுகள், எத்தனை நாள் அவை இயங்காமல் கிடந்தன, 2015 ஒப்பந்தத்தின் கீழ் கூடங்குளம் பற்றி இந்தியாவிடம் இலங்கை எழுத்தில் கேட்டவை, கிடைத்த பதில்கள், மன்னார்க் கடல் மீனிலும் மண்ணிலும் சீசியம் அளக்கப்பட்டிருந்தால் அந்த எண்கள். கடைசியாகச் சொன்ன அளவு, எதுவும் நடக்காத காலத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டியது. பின்னொரு நாள் யாராவது "உங்கள் மீனில் இருக்கிறது" என்றால், முன்பு எவ்வளவு இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.